பொட்டு வைத்த சீடி

சிவசக்தி காலையில் வேலைக்குப் போவதை நான் அடுப்படியில் நின்றபடியே பார்த்துவிடுவேன். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கையில் பால் விடாத பிளேன்டீயோடு எங்கள் வீட்டு முன்னறைக்குள் போவாள். கதவு பாதி சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான், அவள் கொழும்புக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். பின்னேரம் அந்தக் கதவு திறக்கும்போது பதுளைக்குத் திரும்பி வருவாள்.

இப்படி ஓர் உத்தியோகத்தை எங்கள் ரோட்டில் அதற்கு முன்பு யாரும் கண்டதில்லை. "அந்தப் பொம்பளப் புள்ள பூட்டின ரூமுக்குள்ள என்னதான் செய்யுது?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கொழும்பில் ஒரு கம்பனிக்கு வேலை செய்கிறாள் என்றால், "கொழும்பு கம்பனி கொழும்புலதான இருக்கும்?" என்று மறுபடி கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் பிறந்தது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் மலையில் வேலை. இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது கால் மெலிந்துபோனது. நடப்பாள், ஆனால் சரிவில் ஏறமாட்டாள். பதினெட்டு வயதானதும், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்தில் பேர் பதியப் போனபோது கங்காணி அவள் காலைப் பார்த்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தாராம். அம்மா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினார். வரும் வழியில், "நீ படிச்ச படிப்பு இருக்குல்ல, அதப் புடிச்சுக்க" என்று மட்டும் சொன்னாராம்.

பிடித்துக்கொண்டாள். பதுளை பஜாரில் போட்டோ கொப்பி எடுத்து, டெலிபோன் பேச வைக்கிற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே டைப் அடிக்கப் பழகினாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அதைப் பார்த்த யாரோ சொல்லித்தான் கொழும்புக் கம்பனியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் காப்புறுதிப் பணம் கேட்டு எழுதிக் கொடுக்கும் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் பதிய வேண்டும். போனாள். அறை மூன்றாம் மாடியில். பஸ்ஸின் படி அவள் காலுக்கு உயரம். அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம், யுத்த நேரம். நம்முடைய ஊரும் பேரும் சொன்னாலே நின்று பதில் சொல்ல வேண்டிய காலம். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, தினம் ஒரு கேள்வி. சில மாதங்களில் இளைத்துத் திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் அங்கே அவளுக்கு மேலே இருந்த ஸவாஹிரா மிஸ் அவளை விடவில்லை. "வீட்டுல போன் லைன் ஈந்தா அங்க இருந்தே செய்ங்க. சரிவருதா என்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் லயத்துக்கு ஏது லைன்? எங்கள் வீட்டில் இருந்தது. கோவிலில் பழகிய பழக்கத்தில் வந்து கேட்டாள். முன்னறையைக் கொடுத்து, எங்களோடேயே தங்கச் சொன்னோம். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா, என் வீட்டுக்காரர் வீரசிங்கம் அவளுக்கு அண்ணன்.

இவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இவர் தோட்டத்து லொறி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின், சக்கரம், பெட்டரி என்றால் பேச்சு நிற்காது. கணினி வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றி மூன்று தரம் நடந்து, "இதுக்கு ரேடியேட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டார். உள்ளே ஒரு காற்றாடி சுற்றுவதைச் சிவசக்தி காட்டியதும்தான் மனம் சமாதானப்பட்டது.

அந்த வேலையில் வீ.பீ.என். என்று ஒன்று உண்டு. இன்டர்நெட்டில் போகிறது வருகிறது எல்லாம் பொது ரோட்டில் போகிற மாதிரியாம். ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் மற்றவர்கள் பார்க்கக் கூடாதல்லவா? அதனால் எங்கள் முன்னறைக்கும் கம்பனிக்கும் நடுவில் தனியாக ஒரு வழி போட்டிருக்கிறார்கள்; அதற்குள் போனால்தான் பத்திரம் பார்க்கவும் பதியவும் முடியும். அதைத் திறக்க, ஒரு சின்னச் சான்று கணினிக்குள் இருக்க வேண்டும். இதைச் சிவசக்தி சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இவர்தான் விளங்க வைத்தார்.

"இது எஸ்டேட் ரோடு மாதிரி, தனம். கேட்டு போட்டிருக்கு. வாச்சர் நிக்கிறான். பாஸ் காட்டினா கேட்டத் தெறப்பான், இல்லாட்டி தொரையோட தம்பியா இருந்தாலும் வெளியதான்."

"அதேதான் அண்ணே!" என்று சிவசக்தி கைதட்டினாள்.

அந்தப் பாஸை இன்டர்நெட்டில் அனுப்பக் கூடாது என்பது கம்பனிச் சட்டம். கையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெஜிஸ்டர் தபாலில் வர வேண்டும். அவள் கொழும்பை விட்டு வரும்போது அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பாறூக் என்பவர் அதை ஒரு சீடியில் போட்டுக் கொடுத்திருந்தார். "கம்பியூட்டர்ல ஏத்திட்டு, ஒங்களுக்கு ஒரு பெக்கப் எடுத்து வச்சிட்டு, இத எனக்கு திருப்பி அனுப்பிடுங்க" என்றாராம். அப்படியே செய்தாள். அவள் எடுத்துவைத்த அந்தப் பிரதிச் சீடி காகித உறையில், மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருந்தது.

ஒரு வருடம் நல்லபடியாக ஓடியது. இடி மின்னல் வந்தால் மட்டும் இவர் ஓடிப்போய்ப் பிளக்கை இழுத்துவிடுவார். ஐப்பசி மாதத்தில் பதுளையில் பின்னேர மழை என்றால் தெரியும்தானே. மழை விட்டதும் மறுபடி மாட்டிவிடுவார். டெலிபோன் வயரையும் கழற்றி வைப்பார். அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

பிறகு இரண்டாயிரத்து எட்டாம் வருடத்து நவராத்திரி வந்தது.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு ஸவாஹிரா மிஸ் டெலிபோன் எடுத்தார். சிவசக்தி பேசிவிட்டு வந்து அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"மேல உள்ளவங்களுக்கு இந்த வீட்டு வேல புடிக்கல போல அக்கா. இந்தப் பத்திரக் கட்ட வியாழக்கெழம நாலு மணிக்கு முந்தி முடிச்சு அனுப்பணுமாம். அனுப்பினா, ‘பாத்தீங்களா, மலையில இருந்தும் செய்றாங்க’ன்னு மிஸ் அவங்ககிட்ட பேசுவாங்களாம். பிந்திச்சுன்னா கொழும்புக்கு வந்து செய், இல்லாட்டி விட்டுடுன்னு சொல்லிருவாங்களாம்."

"கட்டு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"நாளைக்கு ராவு வரைக்கும் அடிச்சா, வியாழக்கெழமைக்கு அரை நாள் வேலதான் இருக்கும்."

"அப்ப பூசைக்கு?"

"புதன்கெழம லீவு கேட்டேன், குடுத்துட்டாங்க. சரஸ்வதி பூசைக்கு வேல செய்ய மாட்டேன்னு சொல்லிட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பிடிவாதம் இருந்தது. எனக்கு அது பிடித்தது.

கொழும்புக்கு மறுபடி போக அவளால் முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வேலையை விட்டால் போட்டோ கொப்பிக் கடைதான்; அங்கேயும் இப்போது வேறு ஆள். இது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. கொஸ்லந்தையில் ஜெயமலர் என்று ஒரு பெண், இவளைப் போலவே வெளியே போக வழியில்லாதவள், அம்மா படுக்கையில். இவளுடைய ஏற்பாடு நிலைத்தால் அடுத்தது அவளுக்கு என்று மிஸ் சொல்லியிருந்தார். அதனால் சிவசக்தி தனக்கு மட்டும் பயப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டும் வரை அடித்துவிட்டு, கணினியை அணைத்தாள். இவர் வந்து பிளக்கை இழுத்தார். ஆயுத பூசை என்றால் இவருக்கு விளையாட்டில்லை. டிரைவர்மார் அப்படித்தான். பூசைக்கு வைத்த எதுவும் விசயதசமி வரைக்கும் ஓய்வாக இருக்க வேண்டும். லொறி ஓட்டிய காலத்தில் பெட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பூசை செய்வாராம்.

புதன்கிழமை வீடு முழுக்க மணந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் இவருடைய ஸ்பேனர், ஜாக்கி, என்னுடைய அரிவாள்மணை, தேங்காய் துருவி, சிவசக்தியின் கீபோர்டு எல்லாம் வரிசையாக இருந்தன. அந்தச் சீடியையும் உறையோடு கொண்டுவந்து வைத்தாள். "இதுதான் அக்கா என்னோட ஆயுதம்" என்றாள். பிறகு நானும் அவளும் அடுப்படியில் கடலை அவித்துக்கொண்டிருந்தோம். சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை எப்போதும் இவருடையது.

வந்து பார்த்தால், கணினிப் பெட்டியின் நாலு மூலைக்கும் அடியில் நாலு தேசிக்காய் இருந்தன.

"என்னங்க இது?"

"வண்டிக்கு வைக்கிறதுதான."

"வண்டிய முன்னுக்கு எடுத்து நசுக்கணும். இத எங்க எடுக்கப் போறீங்க அண்ணே? மேசையில இருந்து கீழயா?" என்று சிவசக்தி சிரித்தாள். இவரும் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். அன்று பூசை மிக நிறைவாக நடந்தது. அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பாடினார்கள்.

விசயதசமி காலையில் கற்பூரம் காட்டி, கீபோர்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிவசக்தி முன்னறைக்குப் போனாள். இவர் பிளக்கை மாட்டினார். கணினி வழக்கம்போல எழுந்தது. இன்டர்நெட்டும் வந்தது. ஆனால் கம்பனிக்குப் போகும் அந்தத் தனி வழி திறக்கவில்லை. சான்றை ஏற்க முடியாது என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். அதே செய்தி. அணைத்து எழுப்பினாள். அதே செய்தி.

பாறூக்குக்கு டெலிபோன் எடுத்தாள். எங்கள் டெலிபோனில் சத்தம் அதிகம். அவர் பேசுவது எனக்கும் கேட்டது.

"எங்கட பக்கம் எல்லாம் நல்லாத்தான் ஈக்கிது தங்கச்சி. மத்த ஆக்கள் எல்லாம் உள்ளுக்கு வந்துட்டாங்க. ஒங்கட சான்று கெட்டுப் பெய்த்து போல. முழுசா கழட்டிட்டு, புதுசா போடுவம். பெக்கப் ஈக்குதானே?"

"இருக்கு அண்ணே. சீடியில இருக்கு."

"அப்ப பயப்பட ஒண்டுமில்ல. கழட்டுங்க."

கழற்றினாள். வீ.பீ.என். போனது, கூடவே உள்ளே இருந்த சான்றும் போனது. பிறகு எழுந்து, சாமி மேசைக்கு வந்து, சீடியை எடுத்தாள்.

உறை தனியாகக் கிடந்தது. சீடி பூவுக்குள் பாதி மறைந்து, சரஸ்வதி படத்தில் சாய்ந்து நின்றது. அதன் மினுங்குகிற பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி, நாலு பெரிய சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். நன்றாகக் காய்ந்து வெடித்திருந்தது.

"அண்ணே..." என்றாள்.

இவர் வந்து பார்த்தார். "ஏன், என்ன? நல்லாத்தான வச்சிருக்கேன்?"

"இந்தப் பக்கத்துலதான் அண்ணே எல்லாம் எழுதியிருக்கு."

"எழுத்தா? ஒண்ணும் இல்லயே. கண்ணாடி மாதிரில்ல இருந்துச்சு. வீட்டுக் கண்ணாடிக்கு பொட்டு வைக்கிறோமே, அப்படின்னு..." சொல்லச் சொல்ல இவர் குரல் இறங்கிப்போனது. துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

"தொடாதீங்க!" அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. உடனே, "மன்னிச்சுக்குங்க அண்ணே. தேச்சா கீறிப் போகும்" என்றாள்.

இவர் வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய முதுகைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

சிவசக்தி சீடியை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, சாமி படத்துக் கண்ணாடியில காஞ்ச சந்தனத்த எப்படி எடுப்பீங்க?"

"தேய்க்க மாட்டேன். ஊற வைப்பேன். தானா உரிஞ்சு வரும்."

"அப்ப வாங்க."

வெதுவெதுப்பான தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி, சீடியை அதற்குள் இறக்கினோம். முருகா, முருகா என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மெல்லச் சிவந்தது. சந்தனம் ஏடு ஏடாகக் கிளம்பியது. குங்குமப் பொடி போகும் வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். பிறகு என்னுடைய பழைய பருத்திச் சேலையில் கிழித்த ஒரு துண்டால், நடுவிலிருந்து வெளியே, நேராக, தொட்டுத் தொட்டு ஒற்றினாள். வட்டமாகத் துடைக்கக் கூடாதாம்.

கணினியில் போட்டாள். உள்ளே அது சுற்றிச் சுற்றி முனகியது. நின்றது. மறுபடி முனகியது. வாசிக்க முடியவில்லை என்று வந்தது. வெளியே எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி போட்டாள். இந்த முறை முனகல் கொஞ்சம் மாறியது. திரையில் சில பேர்கள் வந்தன. பெரிய கோப்பு ஒன்று இடையில் நின்றுபோனது, அது வீ.பீ.என். மென்பொருள், இன்டர்நெட்டில் மறுபடி எடுக்கலாம் என்றாள். ஆனால் சான்று மிகச் சின்னது. அது வந்துவிட்டது.

"வந்துருச்சு அக்கா!"

நான் வாசலைப் பார்த்து, "ஏங்க, வந்துருச்சாம்" என்றேன். இவர் எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

கையில் கிடைத்ததை முதலில் பத்திரப்படுத்த வேண்டும் என்று, வேறு ஒன்றும் செய்யாமல், புதுச் சீடி இரண்டு எடுத்து இரண்டிலும் பிரதி போட்டாள். ஒன்றை என்னிடம் தந்தாள். "அக்கா, ஒங்க சேலப் பெட்டிக்குள்ள. அண்ணனுக்கு எட்டாத எடத்துல." இவருக்கும் அது கேட்டது. கொஞ்சம் சிரிப்பு வந்தது போல இருந்தது.

பிறகு மென்பொருளை இறக்கினாள். எங்கள் லைனில் அது ஆமை வேகம். இறங்கி முடிந்து, போட்டு, சான்றை உள்ளே வைத்து, பாறூக் சொல்லச் சொல்ல எல்லாம் சரிபார்த்து, கடைசியில் அழுத்தினாள்.

சான்றை ஏற்க முடியாது.

அதே செய்தி. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

அவள் கையை மடியில் போட்டுக்கொண்டாள். பாறூக் டெலிபோனில்தான் இருந்தார். "அப்ப அந்தப் பிரதியும் கெட்டுத்தான் ஈக்கிது போல. புதுசு போட்டு ரெஜிஸ்டர்ல அனுப்புறன். திங்கக்கெழம ஒங்கட கையில கெடைக்கும்" என்றார். திங்கட்கிழமை! வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கோவிலில் மணி அடித்தது. நான் வழக்கப்படி கையைக் கூப்பினேன். மணி ஓய்ந்ததும், பேச்சு வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, இவர் கேட்டார்.

"மணி என்னா தங்கச்சி?"

அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். "மூணு பத்து." சொல்லிவிட்டு எழுந்தே விட்டாள். "ஐயோ அக்கா, மூணு தாண்டிருச்சு! நாலு மணிக்கு..."

"என்னது மூணா?" என்றார் இவர். "இப்பத்தான உச்சிப் பூச மணி அடிச்சுது. ஐயரு என்ன தூங்கி எழும்பியா அடிக்கிறாரு?"

"இல்லண்ணே, இங்க மூணு பத்துன்னுதான் இருக்கு."

"வெளிய வந்து பாரு. நெழலு காலுக்கு அடியில கெடக்கு. மூணு மணின்னா நம்ம கேட்டுத் தூணோட நெழலு ரோட்டுக்குப் போயிருக்கணும்."

சிவசக்தி வாசலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்து, அந்த மணியின் மேல் அழுத்தினாள். ஒரு நாட்காட்டி விரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க மூணு மணி காலையில மூணு மணி. தேதி என்ன தெரியுமா? சனவரி முதலாம் தேதி. ரெண்டாயிரத்தி ரெண்டு. நாம விசயதசமி கும்பிடுறோம், இது புதுவருசம் கொண்டாடிக்கிட்டு இருக்கு!"

"அதுக்கும் கேட்டுக்கும் என்ன?" என்று நான் கேட்டேன்.

"அந்தச் சான்று போன வருசம் குடுத்தது அக்கா. இதுக்கு இப்ப ரெண்டாயிரத்தி ரெண்டுன்னா, அப்படி ஒரு சான்று இன்னும் குடுக்கவே இல்லயே."

இவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு உள்ளே வந்தேவிட்டார். "வாச்சரு பாஸப் பாத்துட்டு, ‘இதுல இன்னும் அஞ்சு வருசம் கழிச்சு வர்ற தேதி போட்டிருக்கு, அப்ப வா’ன்னு திருப்பி அனுப்பிட்டான்! பாஸ்ல பிழை இல்ல. வாச்சருக்குத்தான் நாள் தெரியல!"

அவள் திகதியை மாற்றினாள். நான் சாமி மேசைக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரைப் பார்த்துச் சொன்னேன். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அழுத்தினாள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் வந்தது. அது பூட்டியிருந்தால்தான் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பாறூக்குக்குச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் டெலிபோன் அதிர்ந்தது. "அல்லாஹ்வே, திகதியப் பாருங்க என்டு நான் ஒருக்கா கேட்டிருக்கணுமே! உள்ளுக்கு வட்டமா ஒரு சின்ன பெட்டரி ஈக்கும் தங்கச்சி. கரண்டு இல்லாத நேரம் அதுதான் நாளையும் மணியையும் காப்பாத்துறது. அது செத்துட்டு, அதான் கம்பியூட்டர் செஞ்ச காலத்து திகதிக்கே திரும்பிப் பெய்த்து. எவ்வளவு நேரம் பிளக்க கழட்டி வச்சீங்க?"

"ரெண்டு ராத்திரி அண்ணே. பூசைக்கு."

இடிக்குப் பயந்து கொஞ்ச நேரம் இழுத்தபோதெல்லாம் அந்தக் கிழட்டுப் பெட்டரி எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. இரண்டு இரவை அதனால் தாங்க முடியவில்லை.

பெட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் இவர் சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார். "எந்த சைஸ்? கேட்டு சொல்லு. பஜார்ல மணிக்கூடு திருத்துற கடையில இருக்கும்." குடையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

சிவசக்தி கதவைச் சாத்தவில்லை. சாப்பிட எழும்பவும் இல்லை. நான் ஒரு கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இரண்டு வாய் சாப்பிட்டாள். கீபோர்டில் மிச்சம் இருந்த சந்தனம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி அந்தச் சத்தம் நிற்காமல் கேட்டது.

பிறகு உண்மையாகவே மழைக்கறுப்பு ஏறியது. மலைக்குப் பின்னால் இடி முதலில் மெல்ல உருண்டது. அடுத்தது கொஞ்சம் கிட்டே. நனைந்துபோய் வந்து நின்ற இவர், சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பெட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். அந்த நேரம் ஒரு மின்னல். இவருடைய கை தானாகப் பிளக்குக்குப் போய்விட்டது.

"அண்ணே!"

"இல்லம்மா, நான் தொடல." கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எவ்வளவு மிச்சம்?"

"ஒரு பக்கம்."

அடுத்த இடிக்குச் சுவரில் மாட்டியிருந்த படம் அதிர்ந்தது. பல்ப் ஒரு தரம் மங்கி, மறுபடி எரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டிக்கு நேர்ந்துகொண்டேன். இவர் கையைக் கட்டியபடியே, "அடி புள்ள, அடி, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று ஏற்றத்தில் லொறியைத் தள்ளுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டு போயிருச்சு," என்றாள் சிவசக்தி. நாற்காலியில் சாய்ந்தாள். இவருடைய கைக்கடிகாரத்தில் நாலாகக் கொஞ்ச நேரம் இருந்தது. "இப்ப இழுங்க அண்ணே."

பிளக்கை இழுப்பதில் ஒரு மனிதருக்கு அவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மழை விட்ட பிறகு பெட்டியைத் திறந்தார்கள். அவள் இடத்தைக் காட்ட, இவர் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பழைய பெட்டரியைக் கிளப்பி, புதியதை வைத்தார். பழையதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னதா இருந்துக்கிட்டு எவ்வளவு பெரிய வேல பாத்திருக்கான்" என்றார். மறுநாள் ஸவாஹிரா மிஸ் பேசினார். கட்டு நேரத்துக்கு வந்துவிட்டது, மேலே உள்ளவர்களிடம் பேசிவிட்டேன், நீங்கள் அங்கேயே இருந்து செய்யலாம் என்றார். சிவசக்தி, "சரி மிஸ், சரி மிஸ்" என்று சொல்லி வைத்துவிட்டு, நேரே அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது. நானும் அடுப்பைக் குறைக்கவில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு கொஸ்லந்தை ஜெயமலருக்கும் அதே ஏற்பாடு கிடைத்தது. முதல் நாள் டெலிபோனில் சிவசக்தி அவளிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஒங்க வீட்டுல இடி இடிச்சா பிளக்க இழுக்கிறது யாரு?" மாமா என்று பதில் வந்தது போல. "அப்ப மொதல்ல பெட்டரிய மாத்துங்க. சீடி ரெண்டு எடுங்க. ஒண்ண மாமாவுக்குக் காட்டாதீங்க" என்றாள். அடுப்படியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த இவர், "எல்லாம் கேக்குது" என்று குரல் கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் அவள் பிரதி எடுக்கிறாள். எடுத்ததை அந்தக் கையோடு திறந்து, வாசிக்கிறதா என்றும் பார்க்கிறாள். நான் கோவிலுக்குப் போய்வருவதற்குள் அது முடிந்திருக்கும். ஒன்று லாச்சியில், ஒன்று என் சேலைப் பெட்டியில், பட்டுச் சேலைக்கு அடியில்.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தபோது இவர் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் தயங்கி நின்றார். பிளக்கை இழுக்கவா, வேண்டாமா என்று அவளையே பார்த்தார்.

"இழுங்கண்ணே. அதுக்கும் ஓய்வு வேணும்ல. புது பெட்டரிதான, தாங்கும்."

"இதுக்கு?" என்று சாமி மேசையைக் காட்டினார். அங்கே புத்தம் புதிய சீடி ஒன்று இருந்தது.

"அதுல ஒண்ணும் இல்ல அண்ணே. பூசைக்குன்னே வாங்கினது. எந்தப் பக்கம் வேணும்னாலும் வைங்க."

இரண்டு பக்கமும் வைத்தார். விசயதசமி காலையில் பிளக்கை மாட்டிவிட்டு, கற்பூரம் காட்டுவதற்கு முன்பே கலண்டர் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். திரையில் இருந்ததையும் தாளில் இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார். "வாச்சர் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். போ தங்கச்சி, வேலைக்கு நேரமாச்சு."

சிவசக்தி பிளேன்டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு பாதி சாத்திக்கொண்டது.